படலையடியில் நிற்கும் கார்

மகள் வீட்டுக்குப் போய், மகள் வீட்டுக்குள் போகாமலே திரும்பி வருவது எப்படி என்று யாராவது பழக வேண்டுமானால் வட்டக்கச்சி யோகநாதனிடம்தான் போக வேண்டும். அந்த வித்தையில் அவரை அடிக்க ஆளில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சில மாதம் இரண்டு, அவருடைய வெள்ளைக் கார் விசுவமடுவில் மகள் வீட்டு வாசல் படலைக்கு வெளியே, வேப்பமர நிழலில் வந்து நிற்கும். மனைவி கமலாசனி மரக்கறிப் பையோடு இறங்கி உள்ளே போவார். யோகநாதன் இறங்க மாட்டார். சீற்றைப் பின்னுக்குச் சரித்து, கண்ணாடியைக் கீழே இறக்கி, பேப்பரை விரித்துக்கொண்டு இருப்பார். தாகத்துக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தலில் இருக்கும். பசிக்குக் கமலாசனி கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சல் இருக்கும். உள்ளே மகள் சிவதர்சினி இறைச்சிக் கறி வைத்தால் வாசம் படலை தாண்டி வரும். யோகநாதன் கண்ணாடியை ஏற்றிவிடுவார்.

பேத்தி யதுர்ஷிகாதான் பாவம். பிறந்த நாள் தொட்டு இந்த மனிதரை அவள் காருக்குள்தான் கண்டிருக்கிறாள். நடக்கப் பழகியதும் ஓடிவந்து கார்க் கதவைத் தட்டுவாள். அவர் மடியில் ஏறி ஸ்ரியறிங்கைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி விளையாடுவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் யாரென்று சொல்ல அவளே ஒரு பெயரும் வைத்துவிட்டாள்: கார் அம்மப்பா. சிவதர்சினி அதைக் கேட்டு முதலில் சிரித்தாள் என்றும் பிறகு குசினிக்குள் போய் அழுதாள் என்றும் கமலாசனி திரும்பி வரும் வழியில் சொன்னார். யோகநாதன் கியரை மாற்றினார்.

இந்த வீம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அது பரம்பரைச் சொத்து. யோகநாதனின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து இரணைமடுத் தண்ணீரை நம்பிக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர். வரும்போது ஒரு மண்வெட்டியும் ஒரு பெட்டகமும் ‘நாங்கள் ஆர்’ என்ற நினைப்பும் கொண்டுவந்தார். மண்வெட்டி தேய்ந்து போயிற்று. பெட்டகத்தை இடப்பெயர்வில் விட்டாயிற்று. மிஞ்சியதை மகன் பத்திரமாக வைத்திருந்தார்.

கலவரத்துக்குத் தப்பி மலைநாட்டிலிருந்து வந்து வாய்க்கால் கரையில் கொட்டில் போட்ட குடும்பங்களில் வீரையாவின் குடும்பமும் ஒன்று. யோகநாதனின் வயலில் களை பிடுங்கியது வீரையாவின் மனைவி மீனம்மா. நெல் விளைந்ததும் அருவி வெட்டியது வீரையா. சூடு அடித்து, தூற்றி, மூட்டை கட்டி, அறைக்குள் கொண்டுவந்து அடுக்கியதும் அவர்தான். நெல்லுக்குத் தீட்டு இல்லை. அரிசிக்கும் இல்லை. அதே அரிசி மீனம்மாவின் அடுப்பில் வெந்து சோறாகிவிட்டால் மட்டும் அதற்குள் எங்கிருந்தோ தீட்டு வந்து புகுந்துவிடும். இந்தச் சாத்திரத்தை எழுதியவன் நல்ல கெட்டிக்காரன். உழைப்பு முழுவதையும் உள்ளே எடுத்துக்கொண்டு ஆளை மட்டும் வெளியே நிறுத்தத் தெரிந்திருக்கிறது அவனுக்கு.

வேலைக்கு வருகிறவர்களுக்கென்று கிணற்றடி வேலிக்கட்டையில் ஒரு தகரப் பேணி கவிழ்ந்து கிடக்கும். தேத்தண்ணீர் நேரத்தில் அவர்களே அதை எடுத்து வந்து நீட்ட வேண்டும். கமலாசனி எட்ட நின்று ஊற்றுவார். குடித்து முடிந்ததும் அவர்களே கழுவி, பழையபடி கட்டையில் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. வீரையாவோடு வயலுக்கு வந்து போன அவருடைய சின்ன மகன் ஜனகனுக்கும் இது தெரியும்.

பிறகு கடைசிச் சண்டை வந்தது. சனமெல்லாம் கடற்கரைப் பக்கம் ஒதுங்கியபோது யோகநாதன் குடும்பத்துக்குப் பதுங்குகுழி வெட்டிக்கொடுத்தது வீரையா. பக்கத்திலேயே தன் குடும்பத்துக்கும் ஒன்று வெட்டினார். கரை மணலில் கையால் பூவல் தோண்டி, ஊறிய தண்ணீரை மீனம்மா சேலைத் தலைப்பில் வடித்துக் கொண்டுவருவார். இரண்டு குடும்பத்துக்கும் இருந்தது ஒரே ஒரு பேணி. வீரையா குடித்துவிட்டுக் கொடுப்பார், யோகநாதன் வாங்கிக் குடிப்பார். வாயை வைத்துத்தான் குடித்தார். அண்ணாந்து குடிக்கிற அளவுக்கு அங்கே தலையை நிமிர்த்த முடியாது.

“அப்ப எங்க போச்சுது உங்கட தீட்டு?” என்று கமலாசனி பிற்காலத்தில் ஒருநாள் கேட்டார்.

“ஆபத்துக்குப் பாவமில்லை” என்றார் யோகநாதன்.

“ஓம். இப்ப எங்களுக்கு ஆபத்து முடிஞ்சுதாக்கும்.”

சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பி, தகரக் கொட்டிலில் இருந்துகொண்டே யோகநாதன் கிணற்றை இறைத்தார், எல்லை பார்த்து வேலி அடைத்தார். அடைத்த வேலிக்கட்டையில் ஒரு புதுப் பேணியும் வந்து கவிழ்ந்தது. வீரையா அதைப் பார்த்தார். அதன்பிறகு அந்த வளவுக்கு வேலைக்கு வரவில்லை. விசுவமடுப் பக்கம் காணி கிடைத்துப் போனார், அங்கேயே செத்தும் போனார். செத்த வீட்டுக்குப் போன யோகநாதன் படலையடியில் நின்று முகத்தைக் காட்டிவிட்டு வந்தார்.

முகாமில் ஒரே பள்ளிக்கூடக் கொட்டிலில் படித்த சிவதர்சினியும் ஜனகனும் வளர்ந்து ஒருவரையொருவர் விரும்பி, கேட்டுப் பார்த்து, முடியாமல் போக, ஒருநாள் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். யோகநாதன் கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகினார். “எனக்கு ஒரு பொடியன்தான். அவன் சுவிசில இருக்கிறான்” என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். அந்த மகன் சிவகரன் எடுத்துக் கொடுத்ததுதான் இந்தக் கார்.

பேத்தி பிறந்த சேதி வந்தபோது கமலாசனி குசினிக் கதவைச் சாத்திவிட்டு முற்றத்தில் வந்து குந்தினார்.

“நீங்கள் என்னை என்ர பிள்ளையிட்டக் கொண்டுபோய் விடுற வரைக்கும் இந்த அடுப்பு எரியாது” என்றார்.

அடுத்த நாள் மத்தியானம் கார் விசுவமடுவுக்கு வெளிக்கிட்டது. படலையடியோடு நின்றது. அன்று தொடங்கியதுதான் இந்தக் காருக்குள் இருக்கும் தவம்.

இந்த வருடம் ஜனகன் கல்வீட்டைக் கட்டி முடித்தான். உழவு மிசின் ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர் எழுப்பி, கூரை போட்டு, சீமெந்து பூசி, ஒருவழியாக ஒரு புதன்கிழமை குடிபூரலுக்கு நாள் வைத்தார்கள். சிவதர்சினி தாய்க்குப் போன் எடுத்தாள். யோகநாதன் பக்கத்தில் கதிரையில் இருக்கிறார் என்று தெரிந்துதான் சத்தமாகக் கதைத்தாள்.

“அம்மா, அப்பாவை வரச் சொல்லுங்கோ. உள்ளுக்கு வந்து இருந்து, நான் தாற பாலைக் குடிக்கவேணும். இந்த முறையும் காருக்குள்ளதான் இருக்கப் போறார் எண்டால் இனி வரவே வேண்டாம். பிள்ளை வளருறாள். ‘அம்மப்பா ஏன் உள்ளுக்கு வாறேல்ல’ எண்டு கேக்கிறாள். நான் என்னத்தைச் சொல்லுறது?”

கமலாசனி போனை வைத்துவிட்டுப் புருசனின் முகத்தைப் பார்த்தார். யோகநாதன் எழும்பி, காரைப் பார்க்கப் போனார். பதில் சொல்ல முடியாத நேரத்தில் காரைப் பார்ப்பது அவர் வழக்கம்.

பார்த்த இடத்தில் கார் அவரைக் கைவிட்டிருந்தது. முன்பக்கத்து இடது சில்லின் உள்பக்கம் முழுக்கக் கறுப்புக் கிறீஸ் தெறித்திருந்தது. சில்லைச் சுழற்றுகிற ஆக்சிலின் முனையில் ஒரு மூட்டு உண்டு. அதற்குள் மண்ணும் தண்ணீரும் போகாமல் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை போர்த்தியிருக்கும். அதைத்தான் பூட் என்பார்கள். அந்த உறை கிழிந்து வாயைப் பிளந்து கிடந்தது. கிழிந்தது நேற்று இன்றல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் நாலு துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மனிதர் யோகநாதன். கராஜுக்குப் போவதைத் தன் கைக்கு இழுக்காக நினைப்பவர். கிழிந்த பூட்டை மாதக்கணக்காகச் சைக்கிள் ரியூப்பால் சுற்றிச் சுற்றியே ஓட்டிவிட்டார். இப்போது ரியூப்பும் அறுந்து, உள்ளே மண் போய், வளைவில் திரும்பும்போது கார் ‘கடக், கடக்’ என்று முறையிடத் தொடங்கியிருந்தது.

“நடுவழியில நிண்டால் என்ன செய்யிறது? விடுங்கோ, பஸ்ஸில போவம்” என்றார் கமலாசனி.

யோகநாதனுக்குத் திக்கென்றது. பஸ் ஆட்களை இறக்கிவிட்டுத் தன்பாட்டில் போய்விடும். கார் இல்லாவிட்டால் அவர் எங்கே இருப்பது? காருக்குள் இருக்கிறவனை ஊர் ‘மனுசிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறான்’ என்று நினைக்கும். வேப்பமரத்தடியில் வெறுமனே நிற்கிறவனை என்னவென்று நினைக்கும்?

“காரைத் திருத்தித்தான் போறது” என்றார்.

உள்ளே போக வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லாமல் இல்லை. காருக்குள் குந்தியிருந்தால் நாரி நோகத் தொடங்கிய வயது. பேத்தியைக் கதிரையில் இருந்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், மகளின் கையால் ஒரு பிடி சோறு தின்ன வேண்டும் என்று மனம் கிடந்து அடித்தது. ஆனால் கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அந்த மனிதரின் வாயிலிருந்து அந்த ஆசையை உரிக்க முடியாது.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை, மாமரத்தடியில் காரை ஜாக்கில் உயர்த்தி, கட்டை முண்டு கொடுத்து, சில்லைக் கழற்றினார். ஆக்சில் நுனியில் இருக்கிற பெரிய நட் அசையவில்லை. ஸ்பானருக்கு இரும்புக் குழாய் கொழுவி அழுத்தினார். அதுவும் சரிவரவில்லை. குழாயில் ஏறி நின்று மிதித்தார், வழுக்கி விழுந்தார். எழும்பி, கமலாசனி பார்க்கிறாரா என்று பார்த்துவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டார். மீசையில் மண் ஒட்டவில்லை.

அந்த நேரம்தான் படலையில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. ஜனகன். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வளவுக்குள் அவன் காலடி வைத்ததில்லை. படலைக்கு வெளியிலேயே நின்று, கையில் ஒரு பையைத் தூக்கிக் காட்டினான்.

“மாமா, பூட் கிழிஞ்சிட்டுதெண்டு மாமி சொன்னவா. கிளிநொச்சியில எடுத்தனான். கிறீஸும் கிளிப்பும் உள்ளுக்குக் கிடக்கு.”

யோகநாதன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார்.

“சைஸ் சரியோ?”

அவனோடு மருமகன் என்ற முறையில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“ஓம் மாமா. கார் மொடலைச் சொல்லித்தான் எடுத்தனான்.”

ரப்பருக்கும் தீட்டு இல்லைப் போலும். யோகநாதன் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பிறகு அசையாத நட்டைப் பார்த்தார். ஜனகனின் தோளைப் பார்த்தார்.

“வந்தனி, இதில ஒருக்கா ஏறி மிதி பாப்பம்.”

ஜனகன் சேட்டைக் கழற்றி மாங்கொப்பில் போட்டுவிட்டு வந்து குழாயில் ஏறி மிதித்தான். நட் ‘கிரீச்’ என்று அழுதபடி இளகியது.

அதன்பிறகு அன்றைய நாள் போன விதம் யோகநாதனே எதிர்பாராதது. எதை முதலில் கழற்ற வேண்டும், எங்கே தட்ட வேண்டும் என்று அவர் சொல்வார். ஜனகன் செய்வான். சில்லுத் தாங்கியை அவன் வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்க, அவர் ஆக்சிலை உருவி எடுத்தார். கியர் பெட்டியிலிருந்து ஒழுகிய எண்ணெயை அவன் சட்டியில் ஏந்தினான். மூட்டைத் தட்டிக் கழற்றி, மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவினார்கள். பழைய கிறீஸோடு சிவப்பு மண் நறநறவென்று வந்தது.

“இவ்வளவு மண்ணோடயும் ஓடியிருக்கிறியள் மாமா!”

“மண்ணெண்ணெய் குடிச்சு ஓடின காரெல்லாம் கண்டனாங்கள். இதென்ன.”

“பெரிசாத் தேயேல்ல. கிறீஸ் அடைச்சால் இன்னும் கொஞ்சக் காலம் ஓடும்.”

ஆக்சிலில் முதலில் சின்னக் கிளிப்பை மாட்டி, பிறகு புதுப் பூட்டை ஏற்றினார்கள். மூட்டுக்குள் விரலால் கிறீஸை அடைத்து அடைத்து நிரப்பினார்கள். நாலு கையும் மணிக்கட்டு வரை கறுப்பு. எது யாருடைய கை என்று கமலாசனி குசினி யன்னலில் நின்று பார்த்தால் தெரிந்திருக்காது. கமலாசனி பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஜனகன் ஆக்சிலை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க, யோகநாதன் மூட்டின் பின்புறத்தில் மரச் சுத்தியலால் தட்டினார். உள்ளே இருக்கிற வளையம் ‘டக்’ என்று பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் என்று கமலாசனிக்கு யோசிக்க வேண்டியிருந்தது.

ஆக்சிலைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருக்கும்போது யோகநாதன் காருக்கு அடியில் கிடந்தபடி, முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டு கேட்டார்:

“புதன்கிழமை எப்ப பால் காய்ச்சிறியள்?”

ஜனகனின் கை ஒரு கணம் நின்றது.

“விடிய மாமா. நீங்கள் வந்தாப் பிறகுதான் அடுப்பு மூட்டுவம்.”

யோகநாதன் ‘ம்’ என்றார். அந்த ‘ம்’முக்குள் அவர் உள்ளே போய்விட்டார், கதிரையில் இருந்துவிட்டார், பாலையும் குடித்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை எல்லாம் முடிந்துவிட்டது. இப்படிப்பட்ட மனிதர்கள் மனம் மாறினால், மாறியது மற்றவர்களுக்கும் தெரிந்துவிட்டது என்றே நினைத்துக்கொள்வார்கள்.

சில்லைப் பூட்டி, ஜாக்கை இறக்கி, யோகநாதன் காரை எடுத்து முற்றத்தில் ஒரு வட்டம் அடித்தார். ஸ்ரியறிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடித்தார். சத்தமில்லை. முழுக்க வலப்பக்கம் ஒடித்தார். சத்தமில்லை. புதுக் கார் வாங்கிய பொடியனைப் போலத் தலையை வெளியே நீட்டி, முகமெல்லாம் பல்லாகக் குசினிப் பக்கம் பார்த்துக் கத்தினார்:

“கமலா! ரெண்டு தேத்தண்ணி கொண்டு வாரும்! பொடியனுக்குப் பேணி கிணத்தடிக் கட்டையில கிடக்கு!”

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள். வேலை முடிந்தால் தேத்தண்ணீர், தேத்தண்ணீர் என்றால் பேணி. அந்த வளவில் அந்த வாய் ஆயிரம் தரம் சொல்லிப் பழகிய சொல். கோபத்தில் சொல்லவில்லை, அவமதிக்கச் சொல்லவில்லை. சந்தோசத்தில் சொன்னார். அதுதான் அதிலும் கொடுமை.

கமலாசனி குசினி வாசலில் தட்டத்தில் இரண்டு கண்ணாடிக் கோப்பையோடு நின்றார். வீட்டு ஆட்கள் குடிக்கிற கோப்பைகள். ஊற்றி ஆற்றிக் கொண்டுவந்தவை. 

ஜனகன் கிணற்றடிக்குப் போனான். யாரும் தடுக்கும் முன் கட்டையிலிருந்த பேணியை எடுத்து, ஒரு வாளி தண்ணீரில் அலம்பி, வாசலுக்கு வந்து நீட்டினான்.

“தம்பி, இதில குடியுங்கோ” என்று கமலாசனி கண்ணாடிக் கோப்பையை நீட்டினார். 

“பரவாயில்லை மாமி. இதில ஊத்துங்கோ. ஆறப்போகுது.”

கமலாசனி ஊற்றினார். பாதி நிலத்தில் சிந்தியது. ஜனகன் நின்றபடியே குடித்தான். குடித்துவிட்டுப் பேணியைக் கழுவி, கட்டையில் கவிழ்த்தான். தகப்பன் வீரையா கவிழ்ப்பது போலவே, அடியில் ஒரு தட்டுத் தட்டித் தண்ணீரை வடித்துவிட்டுக் கவிழ்த்தான். பிறகு சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

“கிளிப்பை ரெண்டு நாளையால ஒருக்கா இறுக்கிப் பாருங்கோ மாமா. நான் வாறன்.”

யோகநாதன் காருக்குள்ளேயே இருந்தார். இறங்கிப் போய் அந்தக் கையிலிருந்து பேணியைப் பறித்திருக்கலாம். ‘தம்பி, வாய் தவறிப்போச்சு’ என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும். பேணி என்ற சொல் அவ்வளவு சுளுவாக வந்த வாயில் அந்தச் சொல் வரவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து மறையும் வரை ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இறங்கிப் போனார். கட்டையிலிருந்த பேணியை எடுத்துக் காலின் கீழ் போட்டு நசித்து, எருக் குழிக்குள் வீசினார். வீரமான காரியம்தான். ஆனால் பார்க்க வேண்டியவன் போய்விட்டான். கமலாசனி பார்த்தார்.

“இனி என்னத்துக்கு?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அதன்பிறகு புதன்கிழமை வரை அவர் யோகநாதனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

புதன்கிழமை விடியும் முன்பே வெளிக்கிட்டார்கள். யோகநாதன் பட்டுக் கரை வேட்டி கட்டி, சால்வை போட்டிருந்தார். பின் சீற்றில் ஒரு குலை கதலி வாழைப்பழமும் பேத்திக்கு ஒரு சட்டையும் இருந்தன. தண்ணீர்ப் போத்தலை அவர் வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு வந்தார். விசுவமடுச் சந்தி கழிந்து ஒழுங்கைக்குள் திரும்பும்போது காதைக் கூர்மையாக்கிக் கேட்டார். கார் ஒரு சத்தமும் போடவில்லை.

வேப்பமரத்தடியில் கார் நின்றது. கமலாசனி இறங்கினார். மறுபக்கக் கதவும் திறந்தது. யோகநாதன் இறங்கினார். படலையைத் தாண்டி உள்ளே நடந்தார். கால் கூசியது, ஆனாலும் நடந்தார்.

“ஐயா! வாங்க, வாங்க. உள்ள வந்து உக்காருங்க” என்று மீனம்மா ஓடிவந்தார். சம்பந்தியாகி இவ்வளவு காலமாகியும் அவருக்கு இவர் ஐயாதான். சேலைத் தலைப்பால் ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். தண்ணீர் வடித்துத் தந்த தலைப்பு யோகநாதனுக்கு ஞாபகம் வந்தது. கதிரையில் இருந்தார். சிவதர்சினி குசினி வாசலில் நின்று தகப்பனைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. அதைக் கண்டதும் யோகநாதனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. எல்லாம் சரிவந்துவிடும் என்று நினைத்தார்.

சொன்ன சொல் தவறாமல் அவர் வந்த பிறகுதான் அடுப்பு மூட்டினார்கள். பால் பொங்கியது. சனம் கை கூப்பியது. சிவதர்சினி தட்டத்தில் எவர்சில்வர்க் கோப்பைகளை அடுக்கி, ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். தாய்க்குக் கொடுத்தாள். மாமி மீனம்மாவுக்குக் கொடுத்தாள். அயலட்டைச் சனத்துக்குக் கொடுத்தாள். யோகநாதன் சால்வையை ஒதுக்கிவிட்டு வலது கையை மடியிலிருந்து எடுத்தார்.

“அப்பா, உங்களுக்கு வேற இருக்கு” என்றாள் சிவதர்சினி. “யது, அம்மப்பாவுக்குக் கொண்டாங்கோ.”

யதுர்ஷிகா இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி ஒரு சோடாப் போத்தலைக் கொண்டுவந்தாள். மூடி கழற்றாத போத்தல். கூடவே மூடி திறக்கிற சாமானும், கடதாசி சுற்றிய ஸ்ரோ ஒன்றும்.

யோகநாதனுக்கு இந்த முறை தெரியாததல்ல. தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத வீட்டுக்குப் பெரிய மனிதர்கள் வந்தால் சோடா உடைத்துக் கொடுப்பார்கள். கடையில் அடைத்து வந்த போத்தலில் வீட்டுக்காரரின் கோப்பையும் தண்ணீரும் படுவதில்லை. அவருடைய தகப்பன் அப்படிக் குடித்திருக்கிறார். அவரும் குடித்திருக்கிறார்.

“இவர்தான் நேற்றே கடைக்குப் போய் வாங்கி வச்சவர் அப்பா” என்றாள் சிவதர்சினி. குரலில் குத்தல் இல்லை. “உங்களுக்குச் சங்கடம் குடுக்கக்கூடாதெண்டு சொன்னவர். எங்கட பாத்திரம் ஒண்டும் படேல்ல, பயப்பிடாமல் குடியுங்கோ. நான் போனில அப்பிடிக் கதைச்சது பிழை. நீங்கள் உள்ளுக்கு வந்து இருந்ததே எங்களுக்குப் போதும்.”

குத்தலாகச் சொல்லியிருந்தால் யோகநாதன் தப்பியிருப்பார். கோபித்துக்கொண்டு எழும்பிப் போக அவருக்கு நன்றாகத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. வாசல் நிலையோடு சாய்ந்து நின்ற ஜனகனைப் பார்த்தார். மாமாவின் மனமறிந்து ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்ட திருப்தியோடு அவன் மெல்லச் சிரித்தான்.

‘எனக்குப் பால் தா பிள்ளை.’ தொண்டை வரை வந்தது. சொன்னால், அவன் தேடி வாங்கி வைத்ததை இத்தனை சனத்துக்கு முன் வேண்டாமென்று தள்ளியதாகிவிடும். சொல்லாவிட்டால் அவர்கள் நினைத்தது சரியென்றாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காருக்குள் இருந்தபோது சொல்லியிருக்க வேண்டிய சொல்லை இன்று கதிரையில் இருந்து சொல்ல முடியாது என்று அவருக்கு விளங்கியது. போத்தலின் மூடியைத் திறந்தார். குடித்தார். இனித்த தண்ணீர் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. கமலாசனி கையில் பால் கோப்பையோடு ஒரு தரம் அவரைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

போத்தல் முடியும் வரை யதுர்ஷிகா பக்கத்திலேயே பொறுமையாக நின்றாள். முடிந்ததும் அவருடைய விரலைப் பிடித்து இழுத்தாள்.

“குடிச்சிட்டீங்கள்தானே அம்மப்பா. வாங்கோ, காருக்குப் போவம்.”

அவளுக்கு அம்மப்பா என்றால் கார்தான். யாராவது ‘இருங்கோ’ என்று சொல்வார்களா என்று யோகநாதன் ஒரு கணம் பொறுத்தார். எல்லாரும் பேத்தியின் ஆசையைப் பார்த்துச் சிரித்தார்கள், வழிவிட்டார்கள். அவர் எழும்பி, அவள் இழுத்த இழுப்புக்குப் படலையைத் தாண்டிப் போனார். கதவைத் திறந்து தன் இடத்தில் இருந்தார். அவள் மடியில் ஏறி ஸ்ரியறிங்கைப் பிடித்தாள்.

“ஓடுங்கோ அம்மப்பா!”

ஸ்ராட் பண்ணி, ஒழுங்கையில் கொஞ்ச தூரம் மெல்லப் போய்த் திருப்பிக்கொண்டு வந்தார்.

“இப்ப கடக்கடக் எண்டு கேக்கேல்லயே!”

“ஓமம்மா” என்றார் யோகநாதன். “உங்கட அப்பாதான் திருத்தித் தந்தவர். நல்ல பிள்ளை.”

அவள் அதைக் கவனிக்கவில்லை. உள்ளேயிருந்து தாய் கூப்பிடும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து குதித்து, படலைக்குள் ஓடிவிட்டாள். பால் ஆறுகிறது, வந்து குடிக்கச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.